வெளியேறும் வாசலில் பதினேழு கேள்விகள்

காட்டுக்குள் போகிறவர்களை நான் பார்ப்பதில்லை.
என் மேசை வெளியேறும் வாசலில்.
தகரக் கூரை, நெகிழி நாற்காலி இரண்டு,
நூல் கட்டிய பேனா,
ஈரத்தில் ஓரம் ஊதிப்போன படிவங்கள்.
கிழக்கு மடகாஸ்கரின் மழை
கேட்டுவிட்டுப் பெய்வதில்லை.

நாளுக்கு இருபது பேர் வேண்டும்
என்று தலைநகரத்தில் சொல்லியிருக்கிறார்கள்.
மிக மோசம் என்றால் ஒன்று, மிக நன்று என்றால் ஐந்து.
"இந்தத் தேசியப் பூங்காவைச்
சூழல் சுற்றுலாத் தலமாக எப்படி உணர்கிறீர்கள்?"
வாயில் சூடான சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல
அந்த வாக்கியத்தைப் பழகிவிட்டேன்.

கோபன்ஹேகன் தம்பதி நான்கு போட்டார்கள்.
மீதி ஒன்று அட்டைப்பூச்சிகளுக்குப் போயிற்று.
"முன்னமே சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி,
காலுறையை உருட்டி
நிற்காத ரத்தத்தைக் காட்டி.
அட்டைப்பூச்சியின் கருத்தைக் கேட்கப்
படிவத்தில் இடமில்லை.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர்
எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.
பாபகோட்டோ என்று நாங்கள் சொல்லும்
வாலில்லாத லெமூர் நான்கு, அதில் ஒன்று குட்டியோடு.
சுண்டுவிரல் அளவில் ஒரு பச்சோந்தி.
கேமராவைத் திருப்பி எனக்கும் காட்டினார்.
இரண்டு போட்டார்.
கழிப்பறையில் தண்ணீர் வரவில்லையாம்.
நியாயம்தான்.
எனக்கும் வரவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர்
ஐந்து ஐந்து என்று கத்திக்கொண்டே பேருந்தில் ஏறினார்கள்.
ஒருவன் மட்டும் திரும்பி வந்து கேட்டான்:
"காலையில் அது பாடியதா, அழுததா?"
கேட்பதுதான் என் வேலை என்றேன்.
அதற்குப் பிறகு இரண்டு படிவங்களில்
தேதியைத் தப்பாக எழுதினேன்.

ஒன்பதாம் கேள்வி:
பூங்காவின் வருமானம் உள்ளூர் மக்களைச் சேர்கிறதா?
பேனாவை நிறுத்தி
என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள்.
என் சீருடைச் சட்டையை, பெயர் அட்டையை,
ஹைங்கோ என்ற எழுத்துக்களை.
ஆம் என்று குறிப்பார்கள்.

பதினான்காம் கேள்வி:
உங்கள் அனுபவத்தைக் கெடுத்தது எது?
பாதிப்பேருக்கு ஒரே பதில்.
சாலையோரம் வரிசையாக நின்ற கரி மூட்டைகள்.
"இவ்வளவு அழகான காட்டுக்குப் பக்கத்தில்..."
என்று இழுப்பார்கள்.
நான் எழுதிக்கொள்வேன்.
கரி மூட்டைகள். கரி மூட்டைகள்.
ஐந்தாவது ஆளுக்கு வெறும் க.மூ.

பாலம் தாண்டி ஏழாவது மூட்டை,
வாயில் பச்சைப் புல் செருகியது,
என் அண்ணன் லோவாவுடையது.
யூக்கலிப்டஸ் கரி அது, நட்டு வெட்டியது,
காட்டு மரம் இல்லை.
பெரும்பாலும் இல்லை.
அந்தப் 'பெரும்பாலும்' எனக்குத் தெரியும்,
அண்ணனுக்குத் தெரியும்,
ராத்திரி உலை கொதிக்கும்போது
இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.

மூன்று மணிக்கு மேல் பனி இறங்கியது.
ஒசாகாவிலிருந்து தனியாக வந்த ஒருத்தி
வழிகாட்டி ஸாஃபியோடு நனைந்தபடி வெளியே வந்தாள்.
ஒன்றுமே தென்படவில்லை என்று
ஸாஃபி என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னான்.
அவள் நெடுநேரம் படிவத்தைப் பார்த்தாள்.
எந்த எண்ணிலும் குறிக்கவில்லை.
ஓரத்தில் தன் மொழியில் ஒரு வரி எழுதினாள்.
அதைக் கணினியில் ஏற்ற முடியாது.
தூக்கிப்போடவும் கை வரவில்லை.

எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது.
இருபதாவதை நானே நிரப்பத் தொடங்கினேன்.
இதற்குமுன் எத்தனை முறை வந்திருக்கிறீர்கள்?
வாசல்வரை, நான்கு வருடமாய்.
தங்கிய இடம்? வீடு.
மறுபடி வருவீர்களா? நாளைக்கு, ஏழு மணிக்கு.
பதினான்கில் பேனா நின்றது.
மை இருந்தது.

அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்,
விற்காத மூட்டை பின்னால் சரிந்திருந்தது.
"இன்றைக்கு எத்தனை பேர்?" என்றான்.
"பத்தொன்பது. உனக்கு?"
"இரண்டு வண்டி நின்றது,
ஒன்று படம் எடுக்க."
படிவத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மூட்டையின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்தேன்.
நனைந்த கரி
இவ்வளவு கனக்கும் என்று
எந்தக் கேள்வியிலும் இல்லை.